பெரிய அடுப்புக்கு வந்த புதுக்கல்

ஓர் ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே பேச்சியம்மாளின் தோசைக் கடை இருந்தது. அங்கே ஒரு தோசைக்கல்லும், தோசை திருப்பும் சட்டுவமும் சேர்ந்து உழைத்தன.

அந்தக் கல் வந்த வழி சட்டுவத்துக்குத் தெரியும். தள்ளுவண்டியில், மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் தொடங்கியது அதன் வேலை. கடை பிடித்த பிறகும் ஓரத்து அடுப்புதான் கிடைத்தது. அங்கேயே வெந்து, கறுத்து, எண்ணெய் குடித்துப் பழகித்தான் பெரிய அடுப்புக்கு வந்தது. யாரும் தூக்கிக் கொடுத்த இடமல்ல.

கடையைப் பெரிதாக்கித் திறக்க நாள் குறித்தபோது, மருமகன் இசக்கிராஜா பளபளவென்று ஒரு புதுக்கல் வாங்கி வந்தார். மாப்பிள்ளை கொண்டுவந்ததை வேண்டாம் என்று எந்த மாமியார் சொல்வாள்? கல்லைப் பழக்கிவிட்டு ஏற்றுவோமே என்று மட்டும் பேச்சியம்மாள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வாங்குன கடைலயே பண்ணித்தான் குடுக்கான் அத்தை" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

புதுக்கல் பெரிய அடுப்பில் ஏறியது. பழைய கல்லைப் பாத்திரம் கழுவும் இடத்தில், ஈரச் சுவரோரம் சாத்திவிட்டார்கள்.

சட்டுவத்துக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் புதுக்கல்லிடம் முறையாகத்தான் பேசியது. அரிசி கழுவிய தண்ணீரில் ஊற வேண்டும், எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச காலம் ஓரத்து அடுப்பில் இருக்க வேண்டும் என்றது.

"வெங்காயத்த மூஞ்சில தேய்க்கவா? நான் தலைமைக்கு வந்தவன்" என்றது புதுக்கல்.

திறப்பு நாளன்று கடை நிரம்பிவிட்டது. முதல் தோசை ஒட்டிக்கொண்டது. மாவு புளிக்கவில்லை என்றது புதுக்கல். அடுத்தது கிழிந்தது. தீ சரியில்லை என்றது. மூன்றாவதைச் சட்டுவம் உயிரைக் கொடுத்துச் சுரண்டி எடுத்தது. வந்தது தோசையில்லை, உப்புமா.

"எல்லாம் இந்தச் சட்டுவத்தால. அதுக்குக் கூர் இல்ல" என்றது புதுக்கல்.

மாப்பிள்ளைக்கும் அப்படியே தோன்றியது போலும். பேச்சியம்மாள் கையிலிருந்த சட்டுவத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புச் சாக்கில் எறிந்தார். சாக்கு நிறைந்தால் உலைக்குப் போய்விடும். இத்தனை காலம் தேய்ந்ததற்கு இதுதானா முடிவு? சாக்குக்குள்ளிருந்து சட்டுவம் புதுக்கல்லைக் கேட்டது:

"ஏலே, மாவு தப்பு, தீ தப்பு, நானும் தப்பு. அப்ப அந்த அடுப்புல உன் வேலைதான் என்னலே?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் அதற்கு மேல் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. புதுக்கல்லை இறக்கினாள். பழைய கல்லைத் துடைத்து ஏற்றினாள். சாக்கில் கைவிட்டுச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டு, மாவை ஊற்றினாள்.

அதுவும் ஒட்டியது.

"பாத்தியளா அண்ணாச்சி, மாவுதான்" என்று கீழே கிடந்த புதுக்கல் சிரித்தது.

"மாவு நல்ல மாவு" என்றது பழைய கல். "எனக்குத்தான் ஈரம் காயல. இது என்னால பிஞ்ச தோசை. சட்டுவத்துமேல பழி போடக்கூடாது."

சொல்லிவிட்டு மறுபடி காய்ந்தது, எண்ணெயை வாங்கிக்கொண்டது. அடுத்த தோசை, சட்டுவம் ஓரத்தைத் தொட்டதுமே எழுந்து வந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதலில் பிய்ந்த மூன்றையும் பேச்சியம்மாள் ஓர் இலையில் கூட்டி வைத்து, சட்னியும் ஊற்றினாள்.

"சாப்புடுங்க மாப்ள. உங்க கல்லுல வந்தது."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள் புதுக்கல் அரிசித் தண்ணீரில் ஊறியது, வெங்காயத்தால் தேய்த்துக்கொண்டது, ஓரத்து அடுப்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும், பெரிய அடுப்பு தனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டது.

சட்டுவத்துக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"பிஞ்ச தோசைய என் தோசைன்னு நீ சொல்லுத அன்னைக்கு."