உப்புமேட்டு மத்தியான பஸ்

ஒரு டவுன்ல ஒரு பஸ்ஸாம். அதுல பொற்கொடின்னு ஒரு கண்டக்டராம். மத்தியானம் ஆச்சுன்னா அந்த பஸ்ஸு டர்ர்ர்னு உப்புமேட்டுக்குப் போகும். உள்ள சீட்டெல்லாம் காலி. அங்க ஏறுறது ரோசம்மா ஒருத்தங்கதான். ஆஸ்பத்திரில இருக்கற வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டு போவாங்க. கேக்குறியா? ம்.

அப்போ டிப்போ மேனேஜர் பொற்கொடியைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, ஒருத்தருக்காக அவ்ளோ டீசல் எரியுது. நிறுத்திடலாமா?"

"ஆளு சேத்துடறேன் சார். கொஞ்சம் பொறுங்க."

அப்புறம் பொற்கொடி மார்க்கெட்ல இறங்கி, "உப்புமேடு, உப்புமேடு!"ன்னு தொண்டை கட்டக் கூவினா. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. துணிக்கடைப் பொண்ணுங்களைக் கேட்டா. "ஷேர் ஆட்டோ வீட்டு வாசல்லயே விடுதுக்கா"ன்னுட்டாங்க. புதுசா கட்டின வீடுங்க பக்கம் போனா, வீட்டுக்கு வீடு பைக்கு. யாரு வருவா? ம்.

மறுநாள் காலைல அவளுக்குப் பள்ளிக்கூட ரூட்டு. பஸ்ஸுல மூச்சுவிட இடமில்ல. வளைவுல படியில தொங்கின ஒரு பொண்ணு கை நழுவி, தொப்! ரோட்டுல விழுந்துடுச்சு. முட்டியெல்லாம் ரத்தம். பொற்கொடி குதிச்சு ஓடித் தூக்கினா.

"அக்கா, பின்னாடி இன்னொரு பஸ்ஸு வருமா?"ன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு.

வராது. பொற்கொடிக்குத் தெரியும். நம்ம காலி பஸ்ஸு குடிக்கிற டீசல் இதுங்களுக்குப் போக வேண்டியதாச்சேன்னு நினைச்சா.

நேரா மேனேஜர்கிட்ட போனா. "மத்தியானத்தை நிறுத்துங்க சார். காலைல இன்னொரு பஸ்ஸு விடுங்க. ஆனா ரோசம்மாக்காவை அம்போன்னு விட முடியாது. மெயின் ரோட்டுல போற பஸ்ஸு ஒரு தடவை உப்புமேட்டுக்குள்ள வந்துட்டுப் போகட்டும்."

"சுத்திப் போனா ஜனங்க திட்டுவாங்களே?"

"என்னைத் திட்டட்டும் சார். அதுல நானே போறேன்."

மேனேஜர் யோசிச்சுட்டுத் தலையாட்டினாரு.

அப்புறம் காலைல ரெண்டு பஸ்ஸு. படியில யாரும் தொங்கல.

மத்தியானம் மெயின் ரோட்டு பஸ்ஸு சர்ருனு உப்புமேட்டுப் பக்கம் திரும்புச்சு. "எதுக்கும்மா இந்தச் சுத்து?"ன்னு ஒரே கத்தல். பொற்கொடி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா. ரோசம்மா ஏறினாங்க. உக்கார இடமில்ல. அதிகமா கத்தின ஆளு அவங்களையும் கையில இருந்த கஞ்சித் தூக்கையும் பாத்தாரு. மெதுவா எழுந்து, "உக்காருங்கம்மா"ன்னாரு.

"ஆமா, நீங்க எந்த ஊரு?"ன்னாங்க ரோசம்மா. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தலயாம்.

அவ்ளோதான். பஸ்ஸு டிப்போவுக்குப் போயாச்சு. நீயும் கண்ணை மூடு.