ஒன்பது ஆண் மரம்

நீதான் செஞ்சே. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா உனக்காகப் பரிஞ்சு பேச நாலு பேர் வந்துருவாங்க. ஆனா செஞ்சது நீதான். கேளுங்க பிள்ளைகளா, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

ஒரு மலையில, ஆடு ஏறவே யோசிக்கிற மலையில, பன்னிரண்டு குடிசை இருந்துச்சாம். அதுல ஒண்ணுல கொளுஞ்சியும் அவ மக சிட்டாளும் இருந்தாங்களாம். ஆடி வந்தா தானியம் தீர்ந்துரும், அப்புறம் அந்த மலைக்கே ஈந்து மரந்தான் சோறு. பார்த்தா குட்டிப் பனை மாதிரி இருக்கும், பனை இல்லை. அது பூக்கவே பூக்காது. பூக்காம எப்படிக் காய்க்கும்னு கேக்குறியா, பொறு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் உச்சியில அன்னாசி மாதிரி ஒரு கூம்பு விடும், அதுல மஞ்சத்தூள் இருக்கும், அந்தத் தூளைக் காத்தும் வண்டும் கொண்டுபோய்ப் பெண் மரத்துல சேர்க்கும். சேர்ந்தாத்தான் விதை. அந்த விதையும் பழத்துக்குள்ள ஒளியாது, பாசிமணி கோர்த்த மாதிரி இலை ஓரத்துல அம்மணமாத் தொங்கும். அதைப் பறிச்சு ஓடையில கொட்டினா பருப்புள்ளது முங்கும், பொக்கு மிதக்கும். முங்கினதை உடைச்சு, ஏழு நாள் ஓடுற தண்ணியில விஷம் போகப் போட்டு, இடிச்சுக் களி கிண்டணும்.

மலையில பெண் மரம் நூறு. ஆண் மரம் ஒன்பதே ஒன்பது.

கீழே ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கூம்பை இடிச்சுப் பால்ல குடிச்சா பிள்ளை பொறக்கும்னு அரண்மனை வைத்தியன் சொல்லி, ஆளும் அரிவாளுமா மலையேறி வந்தான்.

"ஐயா, ஒன்பது மரத்துக் கூம்பையும் அறுக்காதீங்க, மூணு விடுங்க"ன்னா கொளுஞ்சி.

"காய்க்காத மலட்டு மரத்துக்கா இத்தனை வக்காலத்து? வடக்கே தேவதாருல ஆயிரம் கூம்பு அறுத்திருக்கேன், காடு செத்தா போச்சு?"

"அதுல ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்துல விடுமாம், வழிப்போக்கர் சொல்லிக் கேட்டிருக்கேன். அது வீட்டுக்குள்ளேயே சம்பந்தம் முடிச்சுக்கும். எங்க மரத்துக்கு மாப்பிள்ளை வெளியேயிருந்து வரணும். மாப்பிள்ளை இல்லாம வளைகாப்பு நடத்துவீங்களா ஐயா?"

அவன் சிரிச்சுட்டு மூணு விட்டான். விதையை ஓடையில கொட்டினா, பாதி முங்குச்சு, பாதி மிதந்துச்சு.

மறு வருஷமும் வந்தான். ராஜாவுக்கு மருந்து பத்தலையாம்.

"ரெண்டாவது விடுங்க."

"ஒண்ணுதான்."

"ஒரு ராஜாவுக்கே பத்தலைன்னு சொல்றீங்க, நூறு மரத்துக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்?"

"இன்னும் பேசினே, அதுவும் போயிடும்."

விதையை ஓடையில கொட்டினா, கிட்டத்தட்ட அத்தனையும் மிதந்துச்சு. முங்கினது ஏழு. ஏழு கூடை இல்லடா, ஏழு விதை.

கிழங்கு தோண்டித் தின்னாங்க, கிழங்கும் தீர்ந்துச்சு. சிட்டாள் அந்த ஏழையும் போட்டு வெச்ச ஓலைப்பெட்டியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா.

"களி கிண்டும்மா."

"தின்னா ஒரு வேளைக்கும் காணாது. நட்டா, பதினஞ்சு வருஷத்துல ஒண்ணாவது ஆணா நிக்கும்டி."

"அதுவரைக்கும் என்ன திங்கறது?"

கொளுஞ்சி பெட்டியை மூடி மேலே எடுத்து வெச்சா.

மூணாவது தடவையும் வந்தான். இந்தத் தடவை மரமேறி அறுக்கப் பொறுமையில்லை. எட்டு மரத்தைக் கழுத்தோட வெட்டிச் சாய்ச்சுட்டான். ஒன்பதாவது சின்ன மரம். அதை வேர்மண்ணோட பேர்த்துக் கட்டினான். "அரண்மனைத் தோட்டத்துல வெச்சுக்கறேன். இனி உன்கிட்ட வந்து பேரம் பேசவேண்டியதில்லை பாரு."

கொளுஞ்சி கடப்பாரையைத் தூக்கிட்டுப் பின்சரிவுக்குப் போய் ஏழு குழி வெட்டினா.

அதுக்குள்ள மழை பிடிச்சு, வந்தவங்களால இறங்க முடியலை. கொண்டுவந்த சோறும் தீர்ந்துச்சு. வைத்தியன் குடிசைக்குள்ள புகுந்து பெட்டியைத் திறந்தான்.

"அதை எடுக்காதீங்க. தண்ணியில போடாமத் திங்கக் கூடாது"ன்னா சிட்டாள்.

"வைத்தியனுக்கே பத்தியம் சொல்றியா?" ஏழையும் அடுப்புல சுட்டான், ஏழையும் உடைச்சான், ஏழையும் தின்னான்.

கொளுஞ்சி சேத்துக் கையோட வந்தப்போ அவன் மண்ணுல கிடந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. அவ பெட்டியைப் பார்த்தா, அவனைப் பார்த்தா, வெளியே போய் ஓடைத் தண்ணி மொண்டுவந்து அவன் வாயில ஊத்தினா. "கேட்டிருந்தா நானே பக்குவம் சொல்லியிருப்பேனே" அப்படின்னு மட்டும் சொன்னா.

ஒரு டோலியில அவனும் இன்னொரு டோலியில மரமுமா இறங்கிப் போனாங்க. உசுரு தப்புச்சு, கால் ரெண்டும் போச்சு. ராஜாவுக்குப் பிள்ளையும் பொறக்கலை. மலையில பதினொரு குடிசை காலியாச்சு. கொளுஞ்சி தன் தங்கச்சி கூட சிட்டாளையும் அனுப்பிட்டா. ஏழு குழியிலயும் மழைத்தண்ணி நின்னுச்சு. வருஷா வருஷம் அவ பெண் மரத்து விதையைப் பறிச்சு ஓடையில கொட்டுவா. எல்லாம் மிதந்து போகும்.

அரண்மனைத் தோட்டத்துல அந்த ஒத்தை ஆண் மரம் மட்டும் கூம்பு விடுது. தூள் பறந்து ஓட்டு மேல படியுது, யாருக்கும் ஆகாம. அதுக்குப் பக்கத்துலதான் கட்டிலைப் போட்டு நீ படுத்திருக்கே. தினமும் பார்க்கறே.

கதை இதோட முடிஞ்சுது, கணக்கு முடியலை. உனக்குக் கால் வராது, தெரியும். ஆளைக் கூப்பிடு. மண்ணு உதிராம மரத்தைப் பேர்த்து டோலியில வை, நீயும் பக்கத்து டோலியில ஏறு. அங்கே ஏழு குழி திறந்தே கிடக்கு. ஒண்ணுல கொண்டுபோய் நடு.