கிருபாகரன் முதுகுல உருகின எண்ணெய்

"அதுக்கென்னங்க, உருக்கிட்டாப் போச்சு. ஆனா ஐயா சட்டையக் கழட்டிட்டு மேசையில படுக்கணும்"ன்னான் செவத்தியான்.

கொடைக்கானல்ல புதுசா தொறக்குற ஸ்பா அது. முதல் ஆளு வர்ற நேரம், எந்த எண்ணெய்னு இன்னும் முடிவாகல. முதலாளியம்மா விசாலம் வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாங்க. மசாஜ் பண்ற செவத்தியான் வாங்கியாந்த செக்குத் தேங்காயெண்ணெய் குளிருல கல்லா உறைஞ்சு கெடந்துச்சு. பெரிய பெரிய ஸ்பாவுக்கெல்லாம் சப்ளை பண்ற கிருபாகரனோட எண்ணெய் தண்ணியா ஓடுச்சு.

"என்னுதும் சுத்தமான தேங்காயெண்ணெய்தான், இயற்கையாவே உறையாது. நீ அந்தக் கல்ல நெருப்பு, வெந்நீர், வெயில் எதுவும் காட்டாம, நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உருக்கு. முடியலன்னா வேற வேலை பாத்துக்க"ன்னு சொல்லியிருந்தாரு அவரு. விசாலமும் தலையாட்டிட்டாங்க.

என்னதான் பண்றான்னு பாப்போம்னு கிருபாகரன் டீயைப் பக்கத்துல வச்சுட்டுக் குப்புறப் படுத்தாரு. செவத்தியான் அவரு பாட்டிலத் தொறந்தான்.

"முதல்ல ஐயாவோடதப் போடுவோம். உங்க சரக்கு, உங்க முதுகு."

"யப்பா, அது வேணாம். போன தடவை தடிச்ச தடிப்பு எறங்க ஒரு வாரமாச்சு. அந்தக் கல்லையே போடு."

விசாலம் நடக்குறத நிறுத்திட்டாங்க.

செவத்தியான் உறைஞ்சதுல ஒரு கட்டியத் தோண்டி, அவரு முதுகுல வச்சு உள்ளங்கையால தேச்சான். அது உருகி இடுப்பு வரைக்கும் ஓடுச்சு. டீயில இன்னும் ஆவி பறந்துச்சு.

"செவத்தியா, ஆளு வந்தாச்சு. உன் எண்ணெய எடுத்துட்டு வா"ன்னாங்க விசாலம்.

"பாதி முதுகு அப்படியே கெடக்கேப்பா"ன்னாரு கிருபாகரன்.

"டீ ஆறிடும், குடிங்கய்யா"ன்னுட்டு அவன் போயிட்டான்.