இன்னொருவன் பெயரில் ஓடிய கார்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். யோகலிங்கம், குகதாசன், புவனேந்திரன். தங்களுக்குள் யோகன், குகன், புவன். எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய கார். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. தரையிலிருந்த துரு ஓட்டை வழியாகப் பனிச்சேறு காலில் தெறிக்கும். யோகனுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில், பூட்டிக் கிடக்கும் தளபாடக் கடையின் பார்க்கிங்கில் வைத்து மற்ற இருவருக்கும் அவனே பழக்கினான். "கிளச்சை மெல்ல விடு மச்சான், மெல்ல!" என்று அவன் கத்துவான். கார் தவளைபோல் பாய்ந்து நின்றுவிடும். மூவரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். அதைவிட நல்ல காலம் பிறகு வந்ததா என்று கேட்டால், பதில் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும்.

கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று வருடங்கள் போயின. குகன் பள்ளி பஸ் சாரதியானான். புவன் ஒரு மளிகைக் கிடங்கில் மேற்பார்வையாளன். யோகனுக்கு நகரத்துக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் தொழிற்சாலை வேலை.

ஐம்பத்திரண்டாவது வயதில் யோகன் ஒரு பிழை விட்டான். கல்யாண வீடொன்றில் குடித்துவிட்டுக் காரை எடுத்தான். பொலிஸ் மறித்தது. ஒரு வருடத்துக்கு லைசன்ஸ் போனது. கூட வேலை செய்தவர் ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு அந்த வருடத்தைக் கழித்தான். லைசன்ஸ் திரும்பக் கிடைத்தபோது, காப்புறுதிக் கம்பனிகளுக்கு அவன் ஆபத்தான சாரதி. பழைய கம்பனி கையை விரித்தது. புதிய கம்பனி நாலு மடங்கு கேட்டது. அதைக் கட்டினால் வீட்டுக்கடன் கட்ட முடியாது.

விஷயம் கேள்விப்பட்டு நண்பர்கள் இருவரும் வந்தார்கள்.

"காரையும் இன்சூரன்ஸையும் என்ர பேருக்கு மாத்து," என்றான் குகன். "ஆர் ஓட்டுறது எண்டு கேட்டா நான்தான் எண்டு சொல்லுவம். இத்தனை வருசத்தில எனக்கொரு டிக்கெட் இல்லை."

"அது பொய் எழுதிக் குடுக்கிற வேலை. நான் அதுக்கு உடன்படமாட்டன்," என்றான் புவன். "ஆனா காலமையும் பின்னேரமும் நானே உன்னை ஏத்தி இறக்கிறன், யோகன். மூண்டு வருசம் எண்டாலும் பரவாயில்லை."

புவனுக்கு அது தினமும் ஒன்றரை மணி நேரச் சுற்று. மற்றவர் காரில் போய்ப் போய்க் கூசிப்போயிருந்த யோகன், குகன் சொன்ன வழியையே எடுத்தான்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கண்ணாடிபோல் உறைந்திருந்த தெருவில் கார் வழுக்கி, ஓரமாக நிறுத்தியிருந்த வான் வண்டியை நொறுக்கியது. யாருக்கும் காயமில்லை. பார்த்தவரும் இல்லை. யோகன் போன் செய்ய, இருபது நிமிடத்தில் குகன் வந்து நின்றான்.

"நீ போ. நான்தான் ஓட்டினனான் எண்டு சொல்லுறன். ஒருத்தரிட்டயும் வாய் திறக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

யோகன் சத்தியம் செய்தான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு புவன் வாயிலாகத்தான் சேதி வந்தது. விபத்தை அறிந்த பஸ் நிறுவனம் குகனை ஆறு மாதம் வண்டி ஓட்டாமல் நிறுத்தி, பஸ் கழுவ அனுப்பியிருந்தது. குகன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

யோகன் இரண்டு நாள் யோசித்தான். பேசாமல் இருந்தால் தன் பிழைக்கு நண்பன் தண்டனை அனுபவிப்பான். பேசினாலோ, பொய் சொன்னதற்கு அதே நண்பன் அகப்படுவான். சத்தியமும் போகும். மூன்றாம் நாள், ஒருவருக்கும் சொல்லாமல், காப்புறுதிக் கம்பனிக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தான்.

வான் வண்டியின் நட்டம் யோகன் தலையில் விழுந்தது. குகனின் காப்புறுதி ரத்தானது. இப்போது அவனும் ஆபத்தான சாரதி. பஸ் வேலையும் அடியோடு போனது.

"உனக்காக நான் சொன்ன பொய்யை, உன்ர மனம் ஆறவேணும் எண்டு உடைச்சுப்போட்டாய்," என்று சொல்லிவிட்டுப் போன குகன், இரண்டு வருடம் அந்தப் பக்கம் வரவில்லை.

யோகன் காரை விற்றான். தினமும் புவன்தான் ஏற்றிப் போனான். வழியில் பழைய பகிடிகளைக் கதைக்கத் தொடங்குவார்கள். குகன் இல்லாத பகிடி ஒன்றுகூட இல்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்ப்பார்கள்.

நண்பனுக்காகப் பொய் சொன்னான் ஒருவன். பொய்க்கு உடன்பட மறுத்தான் ஒருவன். சத்தியத்தை மீறி உண்மையைச் சொன்னான் மற்றவன். இனி நீங்கள் சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: புவன் செய்ததே சரி என்பேன். அவன் கொடுத்தது தன் காலை நித்திரையை மட்டும். குகன் கொடுத்தது தன் பெயரை. அது அதைவிடப் பெரிது. ஆனால் அந்தப் பெயரை நம்பி அவன் வீட்டாரும், ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளும் இருந்தார்கள். யோகன் உண்மை சொன்னது சரி. சொல்லுமுன் குகனின் கதவைத் தட்டாததுதான் பிழை. தன் பொய்யைத் தானே போய்த் திருத்த குகனுக்கு ஒரு நாள் கிடைத்திருந்தால், வேலையாவது மிஞ்சியிருக்கலாம். இது யோகனுக்கும் மெல்லத்தான் விளங்கியது. போன சித்திரையில் குகன் வீட்டு வாசலில் போய் நின்றான். "உண்மை சொன்னதுக்கு இல்லை. உன்னட்டச் சொல்லாமப் போனதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்." குகன் கதவை அகலத் திறந்தான். பிறகு, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா," என்றான்.