செலஸ்தீனா திரும்பிப் பார்க்கவில்லை

மழைக்காலம் ஓய்ந்து, 'சிந்தாத்திரை' அந்த ஆண்டின் முதல் ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. இரட்டைப் பாய்மரப் பயணிகள் கப்பல். என்ஜின் கிடையாது. அதை நடத்தும் தண்டல், அதாவது தலைமை மாலுமி, செலஸ்தீனாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் பழக வந்த சீடர் இஞ்ஞாசிக்கு ஐம்பத்தைந்து.

இஞ்ஞாசி முப்பது வருடம் பெரிய சரக்குக் கப்பல்களில் இருந்தவர். ஒரு மத்தியானம், சுக்கான் அவர் கையில் இருந்தபோது, கப்பல் பாறையில் ஏறிவிட்டது. யாரும் சாகவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் சுக்கானைத் தொட்டதில்லை. செலஸ்தீனாவிடம் இரண்டு வருடமாகப் பாய் விரித்தார், கயிறு இழுத்தார், காற்றின் போக்கைக் கற்றார். சுக்கான் பக்கம் மட்டும் போகமாட்டார்.

நங்கூரம் தூக்கும்போது கேட்டார்.

"தண்டலம்மா, இந்தப் பயம் எப்போ போகும்?"

அவள் போய்ச் சுக்கானைப் பிடித்தாள். கப்பலில் மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் இருந்தார்கள். எதிர்த் தீவில் பத்தரை மணிக்கு முகூர்த்தம்.

துறைமுக வாயைத் தாண்டியதும் செலஸ்தீனா அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க."

பழக்கத்தில் கை நீட்டிப் பிடித்த பிறகுதான் அது சுக்கான் என்று அவருக்கு உறைத்தது. அவள் முன்பக்கம் நடந்துபோய், மாப்பிள்ளையின் அத்தை அருகே, இஞ்ஞாசிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"தண்டலம்மா!"

அத்தை நீட்டிய முறுக்கை அவள் வாங்கிக்கொண்டாள்.

வடக்கிலிருந்து வீசிய காற்று சட்டென்று மாறி நேரெதிரே அடித்தது. பாய்கள் படபடத்தன. கப்பல் வேகம் இழந்தது. நீரோட்டம் அதை வலப்பக்க மணல்திட்டை நோக்கித் தள்ளியது.

"தரை தட்டப்போகுது!" மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

இஞ்ஞாசி முன்பக்கம் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. பாயைப் பார்த்தார். ஆழம் குறையக் குறைய வெளுத்துக்கொண்டே வந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இடப்பக்கம் திருப்புறேன்! பாயை மாத்துங்க! மாப்பிள்ளை, சும்மா நிக்காதீங்க, அந்தக் கயிற்றை இழுங்க! தவில்காரரே, நீங்களும்தான்!"

மாலுமிகளோடு கல்யாண வீடே சேர்ந்து இழுத்தது. பாய்கள் மறுபக்கம் போய்ப் பட்டென்று புடைத்தன. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, திட்டை விட்டு விலகிச் சீறிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு இஞ்ஞாசி எதிர்க்காற்றிலேயே கப்பலை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து முன்னேற்றினார். ஒவ்வொரு வளைவிலும் மாப்பிள்ளை வீட்டார் கூவிக்கொண்டே கயிறு இழுத்தார்கள். பத்து மணிக்குத் தீவு வந்தது. கரை தொடும் முன்பே நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை சிவந்துபோன உள்ளங்கைகளோடு ஓடிவந்து இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்டார்.

"என் கல்யாணத்துக்கு நானே கப்பல் ஓட்டிட்டு வந்தேன்னு சொல்லப்போறேன் சார்!"

எல்லோரும் இறங்கிய பிறகு இஞ்ஞாசி செலஸ்தீனாவிடம் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பயம் போகல, தண்டலம்மா. கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு."

"ம்."

"நீங்க ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே?"

செலஸ்தீனா கையைத் திறந்தாள். முறுக்கு பொடிப்பொடியாக நொறுங்கிக் கிடந்தது.

"திரும்பியிருந்தா என் முகத்தைப் பார்த்திருப்பீங்க, அண்ணே. அதுலயும் அதேதான் இருந்துச்சு."