பாகற்காய் உட்கார்ந்த சீட்டு

"சத்தியம், சத்தியம், சத்தியம்! நான் சொல்லுததுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இந்த நிமிசமே என் நாக்கு பின்னங்கழுத்து வழியா வெளிய வந்து தொங்கட்டும்!"

கீழப்பொட்டல் பஸ் நிறுத்தத்தில் வெயிலுமுத்து போட்ட சத்தத்தில், எதிர்வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி முட்டையை விட்டு எழுந்து போயே போய்விட்டது.

பஸ் தினமும் நிரம்பி வழிகிறது என்று அவர் சத்தியம் செய்தது ஞானதிரவியம் என்கிற அதிகாரியிடம். பெண்களுக்கு இலவசமாக ஓடும் பதினொன்று-ஏ பஸ்ஸில் ஒரு நடைக்கு முப்பது பெண்களாவது ஏறுகிறார்களா என்று எண்ணிப்போக டவுனிலிருந்து வந்திருந்தார். குறைந்தால் அடுத்த மாதத்தோடு பஸ் நிறுத்தம். அன்றைக்குப் பார்த்து ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குளத்தில் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். நின்றது பாகற்காய்க் கூடையோடு மாடத்தி ஒருத்திதான். சந்தைக்குப் போக அவளுக்கு வேறு வண்டி கிடையாது.

வெயிலுமுத்துவின் கவலை வேறு. ஆம்பளை, டிக்கெட் எடுத்தாக வேண்டும். எடுத்தார், தினமும், போகவும் வரவும். டவுனில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தெருவில் அவர் வாயைத் திறந்தால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து எங்கே போக முடியும்?

பஸ் வந்து திரும்பி நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஞானதிரவியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் வெயிலுமுத்து பஸ்ஸின் மறுபக்கம் போய், அகப்பட்டதையெல்லாம் ஜன்னல் ஜன்னலாக உள்ளே எறிந்துவிட்டு வந்திருந்தார்.

"காலி பஸ்ஸுதான் பெரியவரே," என்றார் அதிகாரி, எட்டிப் பார்த்து.

"காலியா? நல்லாப் பாருங்க சார்! முதல் சீட்டுல துண்டு. ரெண்டாவதுல ஒத்தைச் செருப்பு. அந்தா, குடைக்கம்பி. எல்லாம் எடம் போட்டு வச்சது. எங்க ஊருல துண்டு கெடந்தா ஆளே உக்காந்த மாதிரி. எடுத்துட்டு உக்காந்தா ஏழு தலைமுறைக்குப் பகை. எடம் இல்லாமத்தான் அத்தனை பொம்பளையளும் திரும்பிப் போயிட்டாளுவ."

"ஏ அண்ணாச்சி, நாலாவது சீட்டுல கெடக்கது எம் பாகற்காய்லா!" என்றாள் மாடத்தி.

"அது இசக்கியம்மா போட்ட பாகற்காய். நீ சும்மா கெட. சார், பேச்சிக்கனின்னு ஒருத்தி. மாடியில நின்னு துண்டை வீசுனான்னா, மூணு மைல் தள்ளி வார பஸ்ஸுல, கரெக்டா ஜன்னலோரத்துல போய் விழும். ஒருநாள் காத்து மாறி மேல போற பிளேன்ல விழுந்துட்டு. அவனுவ மரியாதை தெரிஞ்சவனுவ. சென்னை வரைக்கும் அந்த சீட்டுல ஒருத்தனையும் உக்கார விடலையே!"

"பிளேன்ல ஜன்னல் திறக்காதே?"

"துண்டைப் பாத்ததும் திறந்துட்டானுவ சார்."

ஞானதிரவியம் பேனாவை மூடினார். வெயிலுமுத்துவுக்கு அது போதும். மூடிய பேனாவை அவர் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

"டிரைவர் சீட்டுலயும் ஒருத்தி துண்டு போட்டுட்டா. எங்க மாமியா வந்து உக்காருவான்னுட்டா. பாவம், டிரைவர் அந்தோணி ஒரு மாசம் நின்னுக்கிட்டே ஓட்டுனாரு."

"இப்ப உட்கார்ந்துதானே ஓட்டிட்டு வந்தார்?"

"இன்னைக்கு மாமியாளுக்குக் காய்ச்சல்."

"என் தலையெழுத்து," என்று மாடத்தி கூடையை இறக்கி வைத்தாள்.

"இந்த பஸ்ஸுக்குக் கரூர்ல பாடி கட்டும்போதே எங்க பொம்பளைய போயி வெறும் இரும்புல துண்டு போட்டுட்டு வந்துட்டாளுவ. துண்டுக்குக் கீழதான் அவனுவ சீட்டே மாட்டுனானுவ. இதெல்லாம் என்ன? போன ஆடியில கூட்டம் தாங்காம பஸ்ஸு இழுபட்டு நீண்டுபோச்சு சார். முன் சக்கரம் டவுன் ஸ்டாண்டுல, பின் சக்கரம் இந்தா, இதே எடத்துல. ஒம்பது கிலோமீட்டர்! இங்க ஏறி, உள்ளேயே நடந்து, அங்க எறங்கிக்கிட்டோம். கண்டக்டர் உள்ளுக்குள்ள சைக்கிள்ல போயில்லா டிக்கெட் குடுத்தாரு. ஒரு சொட்டு டீசல் செலவு இல்ல!"

ஞானதிரவியம் பேனாவைத் திறந்தார். நிதானமாக எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "இவ்வூர் மக்கள் நடந்தே டவுன் சென்றுவிடுகிறார்கள். பஸ் ஓட வேண்டிய தேவையில்லை."

வெயிலுமுத்துவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அறுபத்தெட்டு வருஷத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், இவரு சொன்னது அம்புட்டும் பொய்யி. பஸ்ஸு காலிதான். ஏன் காலின்னு கேளுங்க. இந்த நடையில இவரு ஏறுவாருல்லா? அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நாப்பத்துமூணு பொம்பளைய ஒளிஞ்சி நிக்காளுவ. இவரு போன பொறவு அடுத்த நடைக்கு ஏறுவாளுவ. நீங்க அரை மணி நேரம் கேட்டியளே, அவளுவ அஞ்சு வருசமாக் கேக்காளுவ."

ஞானதிரவியம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். வெயிலுமுத்துவைப் பார்த்தார். தொட்டிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எழுதியதை அடித்துவிட்டு, 'நாற்பத்து மூன்று' என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார்.

பஸ் கிளம்பிப் பாலம் தாண்டியது. வெயிலுமுத்து மெதுவாகத் திரும்பினார்.

"ஏட்டி மாடத்தி. தொட்டிக்குப் பின்னால ஒளியுதாளுவன்னு சொன்னியே. அது பொய்தானே?"

"பொய்தான் அண்ணாச்சி," என்றாள் மாடத்தி, பாகற்காயைக் கூடையில் போட்டபடி. "நாப்பத்துமூணெல்லாம் எங்க இருக்கு? தெனமும் ஒளியுறது பன்னெண்டு பேருதான். நான் சொன்னேன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."