விரலை எடுங்க, அண்ணா

செல்போன் எடுக்காத இடத்தில் ஞானம் கிடைக்கும் என்று நம்பி எங்கள் மலைக்கு ஆட்கள் வருவார்கள். வந்த மறுநாள் காலையிலேயே, "இங்கே எந்தப் பாறை மேல ஏறினா சிக்னல் வரும்?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் ஆசிரமத்துச் சமையல்காரன். "எந்தப் பாறையிலயும் வராது, போய் வெங்காயம் உரிங்க" என்பேன்.

ஆசிரமத்தை நடத்துபவர் மாதம்மாள் அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. காவி, ஜடாமுடி என்று எதுவும் கிடையாது. நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்போம். அவர் எங்களை அண்ணா, அக்கா என்பார். கூட்டம் சேர்த்து அவர் உபதேசம் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினாலே மனசு லேசாகிவிடும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மலை உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஆசிரமத்துக்குச் சற்றுக் கீழே, பாதையின் குறுக்கே ஒரு காட்டோடை. முழங்கால் தண்ணீர்தான், குழந்தைகள்கூட ஆட்டம் போட்டுக்கொண்டு தாண்டும். ஆனால் உச்சியில் மழை பிடித்துவிட்டால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். அது வருவது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. தெரிகிற நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்காகத்தான் எங்களிடம் மூன்று வாக்கி டாக்கிகள். ஒன்று மேலே பாறையில் காவல் இருக்கும் முனிரத்தினத்திடம். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால் அவன் சொல்லுவான். ஒன்று ஓடைக்கரையில் நிற்பவரிடம். அவன் சொன்னதும் ஆட்களை இறங்கவிடாமல் இவர் தடுப்பார். இன்னொன்று அம்மாவிடம்.

அந்த ஆடியில் வந்து சேர்ந்தவர் தீர்த்தகிரி. தர்மபுரிப் பக்கம் கபடி பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். போட்டி எந்த ஊரில் நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். ரெய்டு போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் அவன் பாட்டன் பெயர் வரைக்கும் சொல்லி முடித்துவிடுவார். என்ன குரல்! கணீரென்று வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டின மாதிரி இருக்கும். அம்மாவைவிட வயதில் மிக மூத்தவர். ஆனாலும் வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எனக்கு ஏதாவது உபதேசம் பண்ணுங்க அம்மா."

"ஓடைக்கரைக்கு ஆள் வேணும். போறீங்களா அண்ணா?"

"போறேன் அம்மா."

அம்மா வாக்கி டாக்கியை அவர் கையில் கொடுத்தார். அவர் அதன் அன்டெனாவைப் பிடித்துத் தூக்கினார்.

"அங்கே பிடிக்காதீங்க. ஒடிஞ்சா பேச்சு போகாது. உடம்பைப் பிடிங்க. நேரா நிமிர்த்தி, வாய்க்கு நாலு விரல் தள்ளி வையுங்க. பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பேசுங்க, இல்லேன்னா முதல் வார்த்தை போய்ச் சேராது."

"அம்மா, மைக் பிடிச்ச கை இது. எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்று சிரித்தார்.

"இது மைக் இல்லைங்க அண்ணா."

"பின்னே?"

"நீங்க அழுத்திட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்கு யார் குரலும் கேக்காது. நீங்க பேசற நேரத்துல மத்தவங்க பேசினாலும் போய்ச் சேராது. மூணு பேருக்கும் வழி ஒண்ணுதான். பேசுங்க. பேசி முடிச்சதும் விரலை எடுங்க."

"சரி அம்மா."

சரி என்றார். ஆனால் அது விரலுக்குத் தெரிய வேண்டுமே!

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாக்கி டாக்கியை அவர் வைத்துக்கொண்ட அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. காலையில் கிளம்பும்முன் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு, கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வார். வேர்வைக் கையால் தொடமாட்டார். மாற்று பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் முனைகள் உரசிச் சூடாகிவிடும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, அதற்கென்று தனியாக ஒரு துணிப்பை தைத்தே விட்டார். மாலையில் திரும்பியதும் முதல் வேலை அதைத் துடைத்துச் சார்ஜில் போடுவது. பிறகுதான் தன் முகம் கழுவுவார்.

பேச்சுதான் அடங்கவில்லை. ஓடையைத் தாண்டுகிற ஒவ்வொருவரையும் வர்ணித்தார்.

"இதோ பச்சைச் சேலை அக்கா களத்தில் இறங்குகிறார்! வழுக்குப் பாறையை ஏமாற்றி வலது பக்கம் போகிறார்! பாட்டியம்மா, பயப்படாதே, என் கண்ணு உன் மேலதான் இருக்கு! ஏறிட்டாங்க, ஏறிட்டாங்க, புள்ளி அவங்களுக்கு!"

அடுப்படி ஜன்னலில் இருந்த அம்மாவின் வாக்கி டாக்கியில் இதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். இடைவெளி கிடைத்தால் மட்டும், "விரலை எடுங்க, அண்ணா" என்பார். "எடுத்துட்டேன் அம்மா" என்று பதில் வரும். அடுத்த மூச்சில் மறுபடியும் அழுத்திவிடுவார். அடுத்த வார்த்தையை யோசிக்கும்போதுகூட விரல் பொத்தானில்தான். மைக் பிடிக்கிறவர்களின் பழக்கம் அது. மைக் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் கூட்டம் எழுந்து போய்விடும் என்ற பயம்.

சாயங்காலம் இறங்கி வந்த முனிரத்தினம் கடுப்பில் இருந்தான்.

"நான் மேலே இருக்கேனா செத்தேனான்னு கேக்கக்கூட அந்தாள் இடம் விடமாட்டேங்கறார் அம்மா."

"அவர் குரலைக் கேட்டுத்தான் நடுங்கற கிழவிங்க எல்லாம் ஓடையைத் தாண்டுதுங்க. அது லேசுப்பட்ட காரியமா?" என்றார் அம்மா. பிறகு சொன்னார்: "இருந்தாலும் நீ சொல்றது நியாயம். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல நான் அவர்கூட நிக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் வரைக்கும் பொழுது காத்திருக்கவில்லை.

நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஜன்னலில் தீர்த்தகிரி முழங்கிக்கொண்டிருந்தார். சாமி பார்த்துவிட்டு வீடு திரும்புகிற ஒரு குடும்பம் ஓடையில் இறங்குகிறது.

"மஞ்சள் துண்டு அண்ணன் முன்னால போறாரு! தோள் மேல பாப்பா! பாப்பா கையில பலூன்! ஆகா, என்ன ஒரு நடை..."

அந்தக் குரலுக்கு அடியில் 'கீய்ய்' என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

"பேட்டரி போச்சு போல" என்றேன் நான்.

அம்மாவின் கத்தி நின்றது.

"யாரோ அடியில பேசறாங்க" என்றார்.

பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? மேலே இருக்கிற முனிரத்தினம்தான். அம்மா தன் வாக்கி டாக்கியை எடுத்து, "அண்ணா, விரலை எடுங்க!" என்றார். அழுத்திக்கொண்டிருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? பாப்பாவின் பலூன் பற்றியே வந்துகொண்டிருந்தது. அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நான் கரண்டியோடு பின்னாலேயே ஓடினேன்.

ஓடையில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நடு ஓடையில் அந்த மனிதர், தோளில் குழந்தை. அவருடைய மனைவியும் மாமியாரும் இந்தக் கரையில் சேலையைச் செருகிக்கொண்டு தங்கள் முறைக்கு நின்றார்கள். தீர்த்தகிரி கரையோரக் கல் மேல் ஏறி நின்று, கண் பளபளக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா கத்தவில்லை. நேரே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து பிரித்து எடுத்தார்.

உடனே முனிரத்தினத்தின் குரல் வந்து விழுந்தது. தொண்டை கிழிந்திருந்தது.

"...இறக்காதே, ஆளை இறக்காதே, செம்மண் தண்ணி இறங்கிடுச்சு, ஐயோ யாராவது கேக்கறீங்களா, ஆளை இறக்காதே..."

எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தானோ!

 தீர்த்தகிரியின் கையிலிருந்த வாக்கி டாக்கி நழுவிக் கரையோரத் தண்ணீரில் விழுந்தது. ஒரு கணம்தான். பிறகு அவர் இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"மஞ்சத் துண்டு! திரும்பு! என் பக்கம் வா!"

அந்த மனிதர் திகைத்து நின்றார்.

"ஓடாதே, ஓடினா வழுக்கும்! என் முகத்தைப் பாரு. இடது காலை எடு. வச்சாச்சா? இப்ப வலது. பாப்பாவைப் பாக்காதே சாமி, என்னைப் பாரு! அப்படித்தான், அப்படித்தான், என் ராசா!"

பேசிக்கொண்டே அவரும் தண்ணீரில் இறங்கிவிட்டார். அந்த மனிதர் அந்தக் குரலையே கயிறாகப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வந்தார். கடைசி எட்டில் தீர்த்தகிரி கை நீட்டிக் குழந்தையை வாங்கினார். நான் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எல்லோரும் மேட்டில் ஏறி விழுந்தோம்.

அப்போது வந்தது தண்ணீர். அந்த மனிதர் நின்ற இடத்தின் மேல் ஒரு முழு மரம் புரண்டு போனது.

குழந்தையின் தாய் ஓவென்று அழுது தீர்த்தகிரியின் காலைப் பிடித்தாள். "நீங்க தெய்வம்யா" என்றாள்.

"ஐயோ தொடாதேம்மா, என் காலைத் தொடாதே!" என்று அவர் அலறிக்கொண்டு விலகினார்.

கரையோரத் தண்ணீரிலிருந்து வாக்கி டாக்கியை நான் மேட்டில் ஏறும்போதே எடுத்து இடுப்பில் செருகியிருந்தேன். அவர் அதைப் பிடுங்கினார்.

"முனிரத்தினத்துக்குச் சொல்லணும். அவன் அங்கே துடிச்சிட்டிருப்பான்."

"தண்ணி பட்டிருக்கு. அழுத்தாதீங்க, அண்ணா" என்றார் அம்மா. அதை வாங்கி, சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, உதறித் துடைத்தார். பிறகு தன்னுடையதை எடுத்து, "முனிரத்தினம், எல்லாரும் கரையில. ஓவர்" என்று சொல்லி விரலை எடுத்தார். மேலேயிருந்து விசும்பல்தான் வந்தது.

வாக்கி டாக்கியை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயும் என்றேன். அம்மா என்னை முறைத்தார். "வெந்து போயிடும். நிழல்ல, காத்துல கிடக்கட்டும். நல்லாக் காயற வரைக்கும் பேட்டரியைச் சார்ஜிலயும் போடக் கூடாது" என்றார். தீர்த்தகிரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்கிற மாதிரி.

அன்றிலிருந்து பேச்சையும் நிறுத்திவிட்டார். மௌன விரதமாம்! வாயைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். உப்பு வேண்டும் என்று அவர் கையை ஆட்டிக் காட்டினதில் நான் புளியை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குரலைக் கேட்காமல் எனக்குச் சோறே இறங்கவில்லை. முனிரத்தினம்கூட, "பேசச் சொல்லுங்க அம்மா, பாக்கச் சகிக்கலை" என்றான். கோபம் அவனுக்குத்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும். அவன் மனசு அப்படி.

வாக்கி டாக்கி காய்ந்தது. அம்மா பேட்டரியைப் போட்டு, முனிரத்தினத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் வேலை செய்தது. அதை எடுத்துக்கொண்டு தீர்த்தகிரியிடம் போனார்.

"ஓடைக்கரைக்குப் போங்க, அண்ணா."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவரே துண்டை அவிழ்த்தார்.

"இந்த வாய் வேண்டாம் அம்மா. ஒரு குழந்தையைக் கொன்னிருக்கும்."

"அந்தக் குழந்தையைக் கரையேத்தினதும் இந்த வாய்தான்."

அவர் அழுதார்.

"முனிரத்தினத்தை அடைச்சது உங்க விரல், அண்ணா. வாயை எதுக்குக் கட்டிப் போடறீங்க? நாளைக்குத் தண்ணி வந்தா, துண்டு கட்டின வாயால யாரைக் கூப்பிடுவீங்க?"

தீர்த்தகிரி அவிழ்த்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஒரு சந்தேகம் அம்மா. நானும் விரலை எடுத்துத்தான் பார்த்தேன். எடுத்தா ஒரு சத்தமும் இல்லை. யாரும் பேசலை, ஒண்ணும் வரலை. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அதைத் தாங்க முடியாமத்தான் மறுபடி மறுபடி அழுத்தினேன். அந்த வெறுமையை என்ன பண்றது?"

அம்மா வாக்கி டாக்கியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வெறுமைன்னு யார் சொன்னது? ஒண்ணும் வரலேன்னா முனிரத்தினம் நல்லா இருக்கான், ஓடை நல்லா இருக்கு, தாண்டிப் போறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். அதைக் கேக்கத்தான், அண்ணா, உங்களை அங்கே நிக்க வச்சேன்."